பழைய பிக்கப் வாங்குமுன் அடியில் குனிந்து பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வாகனப் பக்கம்

புதிய டபுள் கேப் பிக்கப்பின் விலை ஒரு லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டியும் தாண்டியும் நிற்கிறது. அதனால் பழைய வண்டி பற்றிய கடிதங்கள் குவிகின்றன. இந்த இதழில் பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

பாலிக் புலாவில் மலைச்சரிவில் டுரியான் தோட்டம் இருக்கிறது. உரம் ஏற்ற, பழம் இறக்க ஒரு ஃபோர் வீல் வேண்டும். கையில் 50,000 வெள்ளி. 2013 டொயோட்டா ஹைலக்ஸ் விகோ 2.5 ஒன்றும், 2017 மிட்சுபிஷி டிரைட்டன் 2.4 ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே விலையில் கிடைக்கின்றன. ஹைலக்ஸ்தான் நம்பிக்கை என்கிறார் அண்ணன். எதை எடுக்கலாம் ஐயா?

அண்ணன் சொல்வது ஹைலக்ஸ் என்ற பெயருக்குச் சரி. நீங்கள் வாங்கப்போவது ஏற்கெனவே யாரோ பத்து வருடத்துக்கு மேல் ஓட்டிய ஒரு குறிப்பிட்ட வண்டி. அது எதைச் சுமந்தது என்பதை முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பாலிக் புலாவ், தெலுக் கும்பார் பக்கம் விற்பனைக்கு வரும் பிக்கப்புகளில் இரண்டு வகை ஆபத்தானவை. ஒன்று, மீன் ஏற்றியவை. ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் பின் தட்டின் ஓட்டைகள் வழியாக நேராக சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மீது இறங்கும். இன்னொன்று, உரம் ஏற்றியவை. தோட்டங்களுக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதுவும் ஒரு வகை உப்புதான். கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டியது மழையில் கரைந்து சேசிஸ் குழாய்க்குள் போய்ப் படிந்துவிட்டால், வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே அரிப்பு நிற்காது.

பார்க்கப் போகும்போது ஒரு நல்ல டார்ச்லைட், தட்டை ஸ்க்ரூடிரைவர், படுப்பதற்கு ஒரு அட்டைப்பெட்டித் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பேர் டயரைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். அது மறைத்திருக்கும் இடம்தான் பெரும்பாலும் முதலில் அரிக்கும். பிறகு லீஃப் ஸ்பிரிங்கின் முன் முனையும் பின் முனையும் சேசிஸில் மாட்டியிருக்கும் தாங்கிகளைப் பாருங்கள். பின் அச்சுக்கு மேல் சேசிஸ் வளைந்து ஏறும் இடத்தில் சேறு தங்கும், அதையும் விடாதீர்கள். சேசிஸின் அடியில் தண்ணீர் வடிய சிறு ஓட்டைகள் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியை உள்ளே விட்டுச் சுரண்டினால் கொஞ்சம் மண் வருவது சகஜம். அப்பளம் நொறுங்குவதுபோல் செதில் செதிலாகத் துரு விழுந்தால் எழுந்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடத்தில் சத்தம் செத்துவிடும்.

மேல் துரு மட்டும் என்றால் பயம் இல்லை. எல்லாப் பிக்கப்பிலும் அது உண்டு. பயப்பட வேண்டியது, பத்து வருட வண்டியின் அடியில் நேற்று அடித்ததுபோல் பளபளக்கும் கறுப்பு அண்டர்கோட். வாங்குபவரை நினைத்து அடித்தது அது.

பாரம் அதிகம் ஏற்றிய வண்டிக்கும் தடயம் இருக்கும். காலி வண்டியிலேயே லீஃப் ஸ்பிரிங் தட்டையாகக் கிடக்கும். கூடுதல் இலை சேர்த்திருப்பார்கள். அச்சுக்கு மேலே உள்ள ரப்பர் முட்டு நசுங்கி, அது மோதிய இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். கேபினுக்கும் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவில் இல்லாவிட்டால் சேசிஸ் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி உங்கள் இரண்டு வண்டிக்கு வருவோம். விகோ 2.5-இல் இருப்பது 2கேடி இன்ஜின். டைமிங் பெல்ட்டில் ஓடுகிறது. 150,000 கி.மீ ஆனதும் மீட்டரில் டி-பெல்ட் விளக்கு எரியும். பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை மட்டும் அணைத்துவிடலாம் என்பது எல்லாப் போமனுக்கும் (மெக்கானிக்குக்கும்) தெரியும். ஆகவே மாற்றிய ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே பெல்ட்டையும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள். சில நூறு வெள்ளிச் செலவு. விட்டால் ஒருநாள் பெல்ட் அறுந்து வால்வு பிஸ்டனில் மோதும், இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

டிரைட்டன் 2.4-இல் பெல்ட் இல்லை, சங்கிலி. உங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. டிரைட்டனின் திரும்பும் ஆரம் 5.9 மீட்டர், இந்த ரகத்தில் மற்றவை பெரும்பாலும் 6 மீட்டருக்கு மேல். தோட்டத்து வளைவில் ஒரே திருப்பில் போவதா, பின்னுக்கு எடுத்து மறுபடி திருப்புவதா என்பதை அந்தச் சிறு வித்தியாசம் முடிவு செய்துவிடும். குறையும் உண்டு. இரு அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர்தான் என்பதால் பின் தட்டின் பெரும்பகுதி அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. பழக் கூடைகளைக் கேபினை ஒட்டி அடுக்குங்கள், கடைசியில் குவிக்காதீர்கள்.

இரண்டின் சேசிஸும் சுத்தமாக இருந்தால் டிரைட்டனை எடுங்கள். ஒன்றுதான் சுத்தம் என்றால், எந்தப் பெயராக இருந்தாலும் அதை எடுங்கள். 50,000 முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட வேண்டாம். ஐந்தாயிரமாவது முதல் மூன்று மாதப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள்.

நிபோங் திபாலில் செம்பனைத் தோட்டத்து வண்டி, 2015 மாடல், 80,000 கி.மீ மட்டுமே ஓடியிருக்கிறது. குறைந்த ஓட்டம் நல்லதுதானே?

தோட்டத்து 80,000 நெடுஞ்சாலையின் 80,000 அல்ல. அந்த வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் மண்பாதையில் நாள் முழுக்க ஊர்ந்திருக்கும். பழக்குலை ஏற்றும்வரை இன்ஜினை அணைக்காமல் நிறுத்தியிருப்பார்கள். மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது. இன்ஜினும் கிளட்சும் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். பினாங்கு–கோலாலம்பூர் போய் வந்தே 200,000 காட்டும் வண்டியை, சர்வீஸ் புத்தகம் இருந்தால், இதைவிட நம்பி வாங்கலாம்.

மீட்டரே உண்மையா என்றும் பாருங்கள். பிரேக் மிதியின் ரப்பர் வழவழப்பாகி, ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க ஓரம் அமுங்கி, ஸ்டீயரிங் தோல் மினுமினுத்தால் அது 80,000 கி.மீ வண்டி இல்லை. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரித்தது. 80,000 கி.மீ-க்குள் மூன்றாவது ஜோடி டயர் என்றால் கேள்வி கேட்க வேண்டும்.

கிள்ளான் பக்கம் ஒரு இசுசு டி-மேக்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

சந்தேகம் நியாயமானது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா வட்டாரத்தில் மட்டும் எத்தனை வண்டிகள் கூரைவரை மூழ்கின என்பதை எல்லாரும் பார்த்தோம். 2017 நவம்பரில் பினாங்கும் அப்படித்தான் இருந்தது. அந்த வண்டிகள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. கழுவி, சீட் உறை மாற்றி, ஊர் மாற்றி விற்கப்பட்டவையும் உண்டு.

வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் அங்கேயே உஷாராகுங்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள், கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கோடு தெரியும். அதைக் கழுவ யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. இருக்கையின் அடியில் தரையோடு பிடித்திருக்கும் நட்டுகள் துருப்பிடித்திருக்கக் கூடாது. காலடி விரிப்பைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சை அழுத்திப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டி மூடியைத் திறந்தால் மூலையில் நைசான மண் படிந்திருக்கிறதா, கம்பி முனைகள் பச்சை பூத்திருக்கின்றனவா?

பிக்கப்புக்கே உரிய சோதனை ஒன்று உண்டு. கார் வாங்குபவர்கள் இதைச் செய்வதில்லை. பின் டிஃபரன்ஷியலின் (பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் கியர் பெட்டி) மேல் போல்ட்டைக் கழற்றச் சொல்லி, உள்ளே சுண்டு விரலை விட்டு எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் சரி. பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் இறங்கிச் சட்டெனக் குளிரும்போது, மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். ஃபோர் வீல் என்றால் முன் டிஃபரன்ஷியலையும் பாருங்கள்.

தண்ணீர் டிஃபரன்ஷியலோடு நின்றிருந்தால் எண்ணெய் மாற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். கேபினுக்குள் வந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கம்பிகளுக்குள் புகுந்த ஈரம் ஒரு வருடம் கழித்து ஏபிஎஸ் விளக்காகவும், மழையில் நின்றுபோகும் வண்டியாகவும் திரும்பி வரும்.

பட்டர்வொர்த்தில் ஒரு விற்பனையாளரிடம் டீசல் வண்டி பார்க்கப் போகிறேன். போமனை அழைத்துப் போக முடியாது. இன்ஜினை நானே எப்படிப் பரிசோதிப்பது?

காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பேச்சுக்கு முன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த இன்ஜினில் தெரியும் கோளாறு ஒன்றை மறைக்கிறார்களோ என்று சந்தேகியுங்கள்.

குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, துருச் சிவப்பில் இருந்தால் பராமரிப்பு எப்படி என்று அதுவே சொல்லிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பது டீசலுக்கு இயல்பு, அதைச் சொல்லி விலை குறைக்க முடியாது.

ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் புகைக்குழாய்ப் பக்கம் நில்லுங்கள், சாவியை அவர் திருப்பட்டும். நொடியில் பற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் வெண்புகை தொடர்ந்து வந்தால் இன்ஜெக்டரிலோ கம்பிரஷனிலோ குறை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் கொஞ்சம் கரும்புகை வருவதை விட்டுவிடலாம். புகை நிற்காமல் வந்தால் டர்போ, இஜிஆர் (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு), இன்ஜெக்டர் மூன்றில் ஒன்றைச் சந்தேகியுங்கள்.

இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி, அதன் வாயிலேயே தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறியப்பட்டாலோ, புகை குபுகுபுவென்று வந்தாலோ பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. பழைய ஹைலக்ஸ் 3.0 என்றால் இதில் இன்னும் கவனம் தேவை. இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வாஷர் கசிந்து, எரிந்த வாயு ஆயிலில் கலந்து கரியாகும். அந்தக் கரி ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்து, ஒருநாள் ஆயில் ஏறாமல் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். வாஷர் மாற்றிய ரசீது இருக்கும் 3.0-க்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்கு ஜாலான் துன் சார்டோன் ஏற்றத்தைவிட நல்ல பரிசோதனைக்கூடம் இல்லை. உங்களுக்குப் பாலமும் நெடுஞ்சாலையும் இருக்கின்றன. வேகமெடுக்கும்போது திடீரென்று சக்தி அறுந்து, அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டால், அல்லது நிற்கும்போது ஆர்பிஎம் ஏறி இறங்கினால், டீசல் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வு காரணமாக இருக்கலாம். டி-மேக்ஸ் 3.0, டிரைட்டன் 2.5, நிசான் நவாரா 2.5 மூன்றிலும் தெரிந்த வியாதி அது. வால்வு மட்டும் மாற்றினால் போதும். விற்பவர் பம்பே போய்விட்டது என்று பயந்து விலை குறைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

திரும்பி வந்ததும் இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். காலையில் உடனே பற்றிய வண்டி சூட்டில் இழுத்து இழுத்துப் பற்றினால் இன்ஜெக்டர்கள் டீசலைத் திருப்பி விடுகின்றன, ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயில்) அழுத்தம் ஏறவில்லை. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றினால் பல ஆயிரம் வெள்ளி. யாராவது ஸ்கேனர் வைத்திருந்தால் ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டர் திருத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். டொயோட்டா கேடி இன்ஜின்களில், சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, அது கூட்டல் கழித்தல் 3-க்குள் இருக்க வேண்டும்.

ஃபோர் வீல் குமிழைத் திருப்பினால் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. விற்பவர், "கொஞ்சம் ஓட்டினால் சரியாகிவிடும்" என்கிறார்.

சில மீட்டர் நேராக ஓட்டியதும் விளக்கு நிலையாக எரிந்தால் அவர் சொல்வது சரி. தொடர்ந்து சிமிட்டினால் டிரான்ஸ்ஃபர் பெட்டியிலோ முன் அச்சிலோ உள்ள ஆக்சுவேட்டர் இறுகிவிட்டது. வருடக்கணக்கில் ஃபோர் வீலே போடாத நகரத்து வண்டிகளுக்கு வரும் நோய் இது. மாதம் 16 கி.மீ-யாவது ஃபோர் வீலில் ஓட்டுங்கள் என்று டொயோட்டா தன் கையேட்டில் சொல்வது இதனால்தான். சோதிப்பதைப் புல்லிலோ சரளையிலோ செய்யுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் 4எச் (வேகமாக ஓடும் ஃபோர் வீல் நிலை) போட்டுத் திருப்பினால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும். 4எல்-ஐயும் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் நிலை) மறக்காமல் போட்டுப் பாருங்கள்.

என் கணவர் ஃபோர்டு ரேஞ்சர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். அதுவும் 2.0 பை-டர்போ, பத்து கியர். நீங்களாவது சொல்லுங்கள்!

குடும்பத்தில் தலையிடுகிறோம், மன்னிக்கவும். ஓட்டுவதற்கு ரேஞ்சர் சுகமான வண்டி, அவர் ரசனையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த 2.0 இன்ஜினின் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. குறிப்பிட்ட தரத்து ஆயிலை நேரத்தோடு மாற்றாவிட்டால் பெல்ட்டின் துகள் உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும். பத்து கியர் பெட்டியும் சாதாரணப் போமன் கைவைக்கும் சாமான் அல்ல. முழு சர்வீஸ் ரசீதும் இருந்து, மெதுவாக ஓட்டும்போது கியர் இடிக்காமல் மாறினால் மட்டும் பேசுங்கள்.

பழைய 2.2, 3.2 ரேஞ்சரில் சிக்கல் வேறு. ஆயில் மாற்றும்போது பத்து நிமிடத்துக்கு மேல் வடியவிட்டால் ஆயில் பம்பு வறண்டு, மறுபடி ஆயிலை உறிஞ்ச மறுக்கும். "நல்லா வடியட்டும்" என்று அரைமணி நேரம் விட்டுவைக்கும் பட்டறையில் இந்த இன்ஜின் செத்துப்போகும். எங்கே சர்வீஸ் செய்தார்கள் என்று அவசியம் கேளுங்கள்.

கணவரைச் சமாதானப்படுத்த முடிந்தால், எங்கள் வாக்கு 2013-க்குப் பிந்தைய டி-மேக்ஸ் 3.0-க்கு. சத்தம் அதிகம், உள்ளே அழகு குறைவு. இன்ஜின் மட்டும் சலிக்காமல் உழைக்கும். பின்னால் எப்போதும் குடும்பம் உட்காரும், பாரம் அபூர்வம் என்றால் 2015-க்குப் பிந்தைய நவாராவையும் பார்க்கலாம். அதன் டபுள் கேப்பில் பின்னால் காயில் ஸ்பிரிங், குலுக்கல் குறைவு. தினம் சிமெண்டு ஏற்றுபவருக்கு அது வேண்டாம்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாயான் லெப்பாஸ் ஆலைக்குத் தினம் போக வர 70 கி.மீ. பிக்கப் கட்டுப்படியாகுமா?

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்குப் போனது. அந்த இரண்டு விலையிலும் கணக்கிடுவோம். மாதம் 22 நாள், 1,540 கி.மீ. நூறு கி.மீ-க்கு 9 லிட்டர் என்றால் சுமார் 139 லிட்டர். 2.15-இல் 298 வெள்ளி, 3.35-இல் 464 வெள்ளி. இப்போதைய பம்பு விலையைப் போட்டு நீங்களே மறுபடி பெருக்கிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்வர மட்டும் என்றால் சிறிய பெட்ரோல் கார் போதும். வார இறுதியில் பாரம் ஏற்றும் வேலை உண்டென்றால் மட்டும் பிக்கப்.

வாங்கினால், டீசல் ஃபில்டரை 20,000 கி.மீ-க்கு ஒரு முறை மாற்றுங்கள். நம் டீசலில் செம்பனை எண்ணெய் கலந்த பயோடீசல் இருக்கிறது. அது ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். நாள்கணக்கில் நிறுத்தும்போது டாங்கியை நிரப்பியே வையுங்கள்.

முன்பணம் கேட்கிறார்கள். பத்திரத்தில் என்ன பார்க்க வேண்டும்?

கிரானில் (வண்டியின் பதிவுச் சான்றில்) உள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் உங்கள் கண்ணால் படித்து ஒப்பிடுங்கள். ஹைலக்ஸில் சேசிஸ் எண் முன் வலது சக்கரத்தின் உள்பக்கம் சேசிஸில் பொறித்திருக்கும், துணியால் துடைத்தால் தெரியும். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ அரைத்த தடமோ இருந்தால் கிளம்பிவிடுங்கள். ஹாஃப் கட் இன்ஜின் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டியின் இன்ஜின்) மாற்றி, அதை ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பதியாத வண்டிகள் பிக்கப்பில் அதிகம். இன்ஜின் நன்றாகவே ஓடும், ஆனால் பெயர் மாற்றப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ளும்.

பெயர் மாற்றத்துக்கு பி5 பரிசோதனை. வங்கிக் கடன் என்றால் பி7-உம் சேரும். உயரம் ஏற்றிய சஸ்பென்ஷன், வெளியே துருத்தும் டயர், கறுப்புக் கண்ணாடி இவற்றை விற்பவர் செலவிலேயே பழையபடி மாற்றச் சொல்லுங்கள். முன் கண்ணாடி 70 விழுக்காடும் முன் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் வெளிச்சம் விட வேண்டும். நிறுவனத்தின் பெயரில் சரக்கு வாகனமாகப் பதிந்த வண்டி என்றால், உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்ற என்னென்ன தேவை என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே ஜேபிஜே முகப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்மன் பாக்கி, தடைப் பட்டியல் இரண்டையும் விற்பவரை அவர் கைப்பேசியிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

முன்பண ரசீதில் "பரிசோதனையில் தேறாவிட்டால் பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற வரியை எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.